அண்ணனுக்கு எந்த விரதம்?

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, பெருமாள் கோயில் வரிசையில் நின்றுகொண்டிருந்த என் அண்ணன் மயங்கி விழப் பார்த்தார். முதலில் நெற்றியில் வேர்வை. ரங்கூனில் வேர்வை யாருக்குத்தான் இல்லை என்று நான் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் கண்ணாடியை எடுக்கச் சட்டைப் பைக்குப் போன கை நடுங்கியது. இரண்டு தடவை பையின் வாயைத் தொட்டு வழுக்கி வந்துவிட்டது. "என்னண்ணே?" என்றேன். பதில் குழறியது. மதினி ஓடிப்போய் ஒரு டம்ளர் பானகம் வாங்கி வந்து குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் அண்ணன் எழுந்து உட்கார்ந்து, "தளிகை ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

நடந்தது இதுதான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் சாப்பிடவில்லை. ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டிருக்கிறார். மாத்திரையை விட்டால்தான் தப்பு என்று நினைத்தாராம். அவர் போடுவது கிளிக்லசைடு. நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று அது பார்க்காது, கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைத்துவிடும். வயிறு காலி, இன்சுலின் மட்டும் ஓடுகிறது. சர்க்கரை தரைக்கு இறங்காமல் என்ன செய்யும்?

அன்று ராத்திரி வீட்டில் அண்ணன் சொன்னார்: "பட்டினி கிடந்தா ஆயுசு கூடும்னு ஊரே சொல்லுது. வீடியோவிலயும் அதையேதான் சொல்றான். எனக்கு மட்டும் ஏன் இப்படி? எது எனக்கு ஒத்துவரும்னு நீ படிச்சுப் பார்த்துச் சொல்லும்மா." அவருக்கு 61 வயது. நான் அவரைவிட ஏழு வயது சின்னவள். மளிகைக் கடை வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். வைத்தியம் தெரிந்தவள் இல்லை. ஆனால் அண்ணன் கேட்டுவிட்டார். மூன்று மாதம் படித்தேன், டாக்டரிடம் கேட்டேன், வீட்டில் செய்து பார்த்தோம். எங்களுக்குக் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி உங்கள் வீட்டிலும் இருக்கும்.

முதலில் இந்த யோசனை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 1943இல் சதமும் எர்லிச்சும் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், மரத்தை அரிக்கும் பூஞ்சைகள் மேல் செம்மரச் சாற்றை விட்டுப் பார்த்தார்கள். அந்த மரம் நம் ஊர்ச் செஞ்சந்தனம் இல்லை, அமெரிக்க சிடார் வகை. சாறு அதிகமானால் பூஞ்சை செத்தது, மிகக் குறைவாக விட்டால் முன்னைவிடச் செழித்தது. இதற்கு அவர்கள் ஹார்மெசிஸ் என்று பெயர் வைத்தார்கள். கொஞ்சம் தொந்தரவு கொடுத்தால் உயிரணு விழித்துக்கொண்டு, பழுது பார்க்கும் வேலையைத் தேவைக்கு மேலேயே செய்து வைக்கும் என்பது சாரம். பசியும் அப்படி ஒரு தொந்தரவுதான். பசித்த உயிரணு தன்னிடம் கிடக்கும் பழுதான பாகங்களைத் தானே சிதைத்து மறுபடி பயன்படுத்துகிறது. அது நடக்கும் விதத்தை ஈஸ்டில் கண்டறிந்ததற்காக ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது.

எங்கள் பாட்டனார் ஐராவதி டெல்டாவில் வயல் வேலைக்கு வந்தவர். இதை அவருக்குச் சொல்லியிருந்தால் உடனே புரிந்துகொண்டிருப்பார். நாற்றைப் பிடுங்கி நட்டால் சில நாள் துவண்டு மஞ்சளாக நிற்கும். அப்புறம் வேர் ஊன்றிப் பச்சை பிடிக்கும், தூர் கட்டும். நாற்றங்காலிலேயே விட்ட பயிர் அப்படிக் கிளைக்காது. ஆனால் பச்சை பிடித்துவரும் பயிரை மறுபடி மறுபடி பிடுங்கி நட்டால் அது வைக்கோலுக்குக்கூட ஆகாது. நான் படித்த ஒவ்வொரு முறையிலும் இதைத்தான் முதலில் தேடினேன்: பச்சை பிடிக்க நேரம் விடுகிறதா? அப்புறம், எலியிடமும் புழுவிடமும் மட்டும் பார்த்ததா, மனிதர்களிடம் பார்த்ததா? மனிதர்கள் என்றால் எங்கள் வயதுக்காரர்களா?

தினமும் கொஞ்சம் குறைத்துச் சாப்பிடுவதுதான் இருப்பதிலேயே பழைய வழி. 1935இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மெக்கே என்பவர் எலிகளுக்குத் தீனியைக் குறைத்தார், சத்தைக் குறைக்கவில்லை. அவை நெடுநாள் வாழ்ந்தன. எலிக்குச் சரி. குரங்குக்கு? இதற்குப் பதில் தேட முப்பது வருஷம் ஆனது, அந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1980களின் கடைசியில் அமெரிக்காவில் இரண்டு இடங்களில் ரீசஸ் குரங்குகளை வைத்துத் தனித்தனியாகத் தொடங்கினார்கள். 2009இல் விஸ்கான்சின் குழு, குறைத்துச் சாப்பிட்ட குரங்குகளுக்கு முதுமை நோய்கள் குறைவு, அவற்றால் வரும் சாவும் குறைவு என்றது. 2012இல் தேசிய முதுமையியல் நிறுவனத்தின் குழு, எங்கள் குரங்குகளுக்கு ஆயுள் கூடவில்லை என்றது. உலகமே குழம்பியது. கடைசியில் இரண்டு குழுவும் கணக்கை ஒன்றாக வைத்துப் பார்த்து 2017இல் விளக்கம் சொன்னார்கள். விஸ்கான்சினில் கொடுத்த தீனியில் கால் பங்குக்கு மேல் சர்க்கரை, ஒப்பிட வைத்திருந்த குரங்குகள் அதை இஷ்டத்துக்குத் தின்றன. மற்ற இடத்தில் தீனி நல்லது, ஒப்பீட்டுக் குரங்குகளுக்கும் அளந்துதான் போட்டார்கள். அங்கே குறைப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

இதை நான் இப்படி வாசிக்கிறேன். இனிப்பையும் எண்ணெயையும் அள்ளிப் போட்டுக்கொள்கிறவருக்குக் குறைப்பதில் லாபம் நிறைய. ஏற்கெனவே அளவாகச் சாப்பிடுகிறவர் இன்னும் குறைத்தால் கிடைப்பது கொஞ்சம்தான். அண்ணன் முதல் வகை. மொகிங்கா என்னும் பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸில் பொரித்த பருப்பு வடையை நொறுக்கிப் போட்டு, பின்னாலேயே டின்னில் வரும் கெட்டிப்பால் இனிப்புடன் இரண்டு தேநீர் குடிப்பவர்.

மனிதர்களிடம் நடந்த பெரிய சோதனைக்குக் கேலரி என்று பெயர். பருமனில்லாத சுமார் 220 பேர், இரண்டு வருஷம். கால் பங்கு உணவைக் குறைக்கச் சொன்னார்கள். அவர்களால் முடிந்தது சுமார் 12 சதவீதம். அதுவே நல்ல பலன் தந்தது: ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு எல்லாம் இறங்கின. முதுமையின் வேகத்தை ரத்தத்திலிருந்து கணக்கிடும் ஓர் அளவுகோலில், வேகம் 2 முதல் 3 சதவீதம் குறைந்ததாக 2023இல் வெளியிட்டார்கள். அதே ரத்தத்தை வேறு அளவுகோல்களில் பார்த்தபோது மாற்றம் தெரியவில்லை, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனக்கு உறுத்தியது வேறு இரண்டு விஷயம். இடுப்பெலும்பும் முதுகெலும்பும் கொஞ்சம் அடர்த்தி இழந்தன. அப்புறம், சேரும்போது 50 வயதைத் தாண்டியவர் ஒருவர்கூட அதில் இல்லை. எங்கள் மாமியாருக்கு 78 வயது, நாற்பது கிலோ. அவரைப் போய் "குறைச்சுச் சாப்பிடுங்க அத்தை" என்று சொல்ல இந்தச் சோதனை எனக்கு உரிமை தரவில்லை.

இங்கே அரிசியை இன்றும் கெட்டிப்பால் டின்னில்தான் அளக்கிறோம், எட்டு டின் ஒரு பியி. அது இந்த வேலைக்கு ரொம்ப வசதி. நாலு பேருக்கு நாலு டின் போட்டுக்கொண்டிருந்த மதினி மூன்றாக்கினார், அந்த ஒரு டின்னுக்குப் பதில் பருப்பும் காராமணியும் வந்தன. எண்ணெயைக் குறைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. பர்மிய முறையில் குழம்பு என்றால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்க வேண்டும், எங்கள் நாக்கும் அதற்குப் பழகிவிட்டது. எண்ணெய் இன்றும் இங்கே வீசைக் கணக்கில்தான் விற்கிறது. பெயர் நம் தமிழ் வீசைதான், இங்கே 1.63 கிலோ. மாதம் மூன்று வீசை வாங்கிய வீடு இப்போது ஒன்றே முக்காலில் நிற்கிறது. தட்டு சின்னதானதாக அண்ணனுக்குத் தெரியவே இல்லை, எண்ணெய் குறைந்ததை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்.

இரண்டாவது வழி எங்கள் தெருவிலேயே இருக்கிறது. பக்கத்துக் கடைப் பர்மிய அம்மாள், ஜூலை வாக்கில் வரும் வாசோ பௌர்ணமியிலிருந்து அக்டோபர் வாக்கில் வரும் தடிஞ்சு பௌர்ணமி வரை, பௌத்தர்களின் மூன்று மாத மழைக்கால நோன்பான வா காலத்தில், உபோசத நாள் வந்தால் எட்டு சீலம் என்னும் ஒழுக்க விதிகளைக் காப்பார். பிக்குகளைப் போல உச்சிப் பொழுதுக்குமேல் திடமாக எதுவும் சாப்பிட மாட்டார். விடியற்காலையில் ஒரு தடவை, பதினொரு மணிக்கு ஒரு தடவை, அவ்வளவுதான். புத்தர் காலத்திலிருந்து வரும் ஒழுக்கம். இன்று இதையே 'நேரக் கட்டுப்பாட்டு உணவு' என்று ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

2018இல் அமெரிக்காவில் ஒரு சின்ன ஆய்வு. சர்க்கரை எல்லையில் இருந்த எட்டு ஆண்கள், ஐந்து வாரம், கடைசிச் சாப்பாடு மத்தியானம் மூன்று மணிக்கு முன்னால். மொத்த உணவைக் குறைக்கவில்லை, எடையும் இறங்கவில்லை. ஆனால் இன்சுலின் நன்றாக வேலை செய்தது, ரத்த அழுத்தம் குறைந்தது. எட்டே பேர் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் கவனிக்க வேண்டிய பலன். 2020இல் வந்த வேறொரு ஆய்வு 116 பேரிடம் நடந்தது. அதில் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு மத்தியானம் பன்னிரண்டிலிருந்து ராத்திரி எட்டு வரை சாப்பிட்டார்கள். மூன்று மாதத்தில் மற்றவர்களோடு ஒப்பிட்டால் சொல்லும்படி எதுவும் மாறவில்லை, இறங்கிய கொஞ்ச எடையிலும் தசை போன்ற கொழுப்பில்லாத எடை நிறையப் போயிருந்தது. வீடியோவில் அண்ணன் பார்த்தது இந்த இரண்டாவது முறையைத்தான். பிக்குகள் செய்வதற்கு நேர் தலைகீழ்! 2022இல் சீனாவின் குவாங்ஜோவில், பருமனான 139 பேரை ஒரு வருஷம் பார்த்தார்கள். இரு பிரிவுக்கும் ஒரே அளவு குறைத்த உணவு, ஒரு பிரிவுக்கு மட்டும் காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை என்ற வேலி. எடை இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இறங்கியது. ஆக எடை குறைவது உணவின் அளவால்தான், கடிகாரத்தால் இல்லை. சாயங்காலத்துக்குப் பிறகு உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறமை குறைகிறது என்பதால், சர்க்கரைக்காரருக்கு மட்டும் கடிகாரம் தனியாக ஒரு சின்ன உதவி செய்யலாம்.

'பதினாறாவது மணியில் செல் சுத்தமாகிறது' என்று அடித்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள். ஈஸ்டிலும் எலியிலும் பார்த்ததை மனித உடம்பில் மணிக்கணக்காக அளந்து சொல்லும் நிலை இன்னும் வரவில்லை.

இந்த முறைக்கு ஓர் ஓட்டை உண்டு. தாய்லாந்தில் பிக்குகளைச் சோதித்தபோது ஏறக்குறைய பாதிப் பேர் பருமனாக இருந்தார்கள். மத்தியானத்துக்குமேல் சாப்பிடாதவர்களுக்கு எப்படி? பானம் அனுமதி, பக்தர்கள் கொண்டுவந்து கொடுப்பதெல்லாம் சர்க்கரைத் தண்ணீர். இதைப் படித்த அன்று எனக்கு அண்ணனின் 'விரதத் தேநீர்' நினைவுக்கு வந்தது. கார்த்திகை விரதம் என்பார், கெட்டிப்பால் ஊற்றிய தேநீர் ஆறு போகும்.

இனி நம் விரதத்துக்கு வருகிறேன். ஏகாதசி, சஷ்டி, புரட்டாசிச் சனி, அமாவாசை. தெரு முனையில் சூலியா எனப்படும் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் ரமலான் முழுக்க நோன்பு இருக்கிறார்கள். இதையெல்லாம் ஆயுள் கணக்கில் வைத்துப் பேசுவதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சாமிக்காக இருப்பது சாமிக்காகத்தான். ஆனால் உடம்புக்கு என்ன ஆகிறது என்று அண்ணன் கேட்டாரே, அதற்காகச் சொல்கிறேன்.

மாதத்தில் இரண்டு நாள் முழுப் பட்டினி ஆரோக்கியமான நாற்பது வயதுக்காரரை ஒன்றும் செய்யாது. நல்லது செய்யவும் கூடும். பச்சை பிடிக்க நடுவில் பதினைந்து நாள் கிடைக்கிறதே. கெடுப்பது பாரணைதான். விரதம் முடிந்த கையோடு வடை, பாயசம், சர்க்கரைப் பொங்கல். நோன்பு திறக்கும்போது சமோசாவும் சர்பத்தும். பகலில் உடம்பு மிச்சம் பிடித்ததை அந்த அரை மணி நேரம் வாங்கிக்கொண்டு போய்விடும். மாத்திரை போடுகிறவர்களுக்கோ இந்த வழி ஆபத்து. மெட்ஃபார்மின் மட்டும் போடுபவருக்குச் சர்க்கரை அப்படி இறங்குவது அபூர்வம். கிளிக்லசைடு, கிளிமிபிரைடு, இன்சுலின் என்றால் டாக்டர் அளவை மாற்றித் தராமல் ஒரு வேளைகூடப் பட்டினி இருக்கக் கூடாது. எங்கள் முஸ்லிம் நண்பர்கள் இதில் நம்மைவிடத் தெளிவு. ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் போய் மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்கிறார்கள். புரட்டாசிக்கு முன்னால் அப்படிப் போன தமிழர் ஒருவரை நான் பார்த்ததில்லை, எங்கள் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அரிசி விலை ஏறி, ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்ட குடும்பங்கள் என் கடைக்கு வருகின்றன. அதைப் பட்டினி என்று சொல்லலாம், விரதம் என்று சொல்லக் கூடாது. 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்தில் பஞ்சம் வந்தது. அப்போது கருவில் இருந்த பிள்ளைகளுக்குப் பெரியவர்களான பிறகு சர்க்கரை நோயும் இதய நோயும் மற்றவர்களைவிட அதிகம் வந்தன. 'பசித்திருந்தால் ஆயுசு' என்று பொதுவாகச் சொல்பவர்கள், கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மனசின் அழுத்தமும் இப்படித்தான். நோயாளிக் குழந்தையை வருஷக்கணக்கில் பார்த்துக்கொள்ளும் தாய்மார்களை 2004இல் எலிசா எபெல், எலிசபெத் பிளாக்பர்ன் குழு ஆராய்ந்தது. குரோமோசோம் முனைகளில் தொப்பி போல இருக்கும் டெலோமியர், வயதாக ஆகக் குட்டையாகும். அதிக வருஷம் கவலையில் இருந்தவர்களுக்கு அது இன்னும் குட்டையாக இருந்தது. கரண்டு எப்போது போகும், விலை எப்போது ஏறும், மாண்டலேயில் பூகம்பத்துக்குப் பிறகு சொந்தக்காரர் எப்படி இருக்கிறார் என்று ராத்திரி முழுக்க விழித்திருப்பது மிதமான அழுத்தம் இல்லை. அதற்கு முடிவு தெரியாது, பச்சை பிடிக்க நாள் கிடைக்காது. அப்படி ஓர் இரவு போனால் மறுநாள் அண்ணனை நான் பட்டினி போட மாட்டேன், படியும் ஏற்ற மாட்டேன். இது புத்தகத்தில் இல்லை, நானாக வைத்துக்கொண்ட சட்டம்.

படி என்று சொன்னேனே, என் மனசு சாய்ந்தது அந்தப் பக்கம்தான். உடற்பயிற்சியும் அழுத்தம்தான். மூச்சு வாங்கும்போது தசைக்குள் ஆக்சிஜன் கழிவு பெருகி உயிரணுவைச் சுடுகிறது. அந்தச் சூட்டுக்குப் பதிலாகத்தான் உடம்பு தன் காவலைக் கூட்டுகிறது. இதை அழகாகக் காட்டியது 2009இல் ஜெர்மனியில் ரிஸ்டோ என்பவரின் குழு. இளைஞர்களை நாலு வாரம் பயிற்சி செய்ய வைத்து, பாதிப் பேருக்கு வைட்டமின் சி 1000 மில்லிகிராமும் வைட்டமின் ஈயும் தினமும் கொடுத்தார்கள். கழிவை அணைக்கத்தானே அந்த மாத்திரை, நல்லதுதானே என்று தோன்றும். பலன் தலைகீழ். மாத்திரை போடாதவர்களுக்கு இன்சுலின் வேலை மேம்பட்டது, போட்டவர்களுக்கு மேம்படவில்லை. சின்னச் சூட்டை அணைத்ததில் பலனும் சேர்ந்து அணைந்துவிட்டது. இதைப் படித்த பிறகு, அண்ணன் தினமும் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்த வைட்டமின் மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். நெல்லிக்காயும் கொய்யாவும் தின்னட்டும், அளவாகத் தின்றால் அவ்வளவு சி அதில் வராது.

நடையின் பலன் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. சீனாவின் டாச்சிங் நகரில் 1986இல், சர்க்கரை எல்லையில் இருந்த 577 பேரில் ஒரு பகுதியினருக்கு ஆறு வருஷம் உணவுக் கட்டுப்பாட்டையோ உடற்பயிற்சியையோ இரண்டையுமோ கற்றுக்கொடுத்தார்கள். முப்பது வருஷம் கழித்துப் பார்த்தால், அவர்களுக்குச் சர்க்கரை நோய் சுமார் நாலு வருஷம் தள்ளி வந்திருந்தது, சராசரி ஆயுள் ஏறக்குறைய ஒன்றரை வருஷம் கூடியிருந்தது. இந்தக் கட்டுரையில் மனிதர்களின் ஆயுளே கூடியது என்று நான் சொல்லும் சோதனை இது ஒன்றுதான். நம் ஆட்களிடம்? சென்னையில் ராமச்சந்திரன் குழு 531 பேரிடம் செய்து 2006இல் வெளியிட்டது. உணவும் நடையும் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன, மெட்ஃபார்மின் 26.4 சதவீதம். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தும் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. காசு கொடுத்து வாங்க வேண்டாத மருந்து, வாங்கும் மருந்துக்குச் சமமாக நின்றது.

வயதாகிவிட்டதே என்று சொல்பவர்களுக்கு இன்னொன்று. 1990இல் அமெரிக்காவில், முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி 90 வயதானவர்களுக்கு எட்டு வாரம் கால் தசைக்குப் பளு தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். கால் பலம் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. ஒரே எட்டு வாரம்! இதை அத்தைக்கு வாசித்துக் காட்டியபோது, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் கையை ஊன்றாமல் எழுந்து பார்த்தார். முடியவில்லை. மறுபடி பார்த்தார்.

ஷ்வேடகோன் பகோடாவின் தெற்கு வாசலில் 104 படிகள். லிஃப்ட் உண்டு, நாங்கள் அதில் போவதில்லை. ஞாயிறு வகுப்பு முடிந்ததும் அண்ணனும் நானும் போவோம். முதல் வாரம் பாதியில், பூ விற்கும் பெண் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார், உதடு வெளுத்துப்போயிருந்தது. இப்போது மேலே போய்த்தான் உட்காருகிறார். மூச்சு வாங்க ஏற வேண்டும், வாயைத் திறந்து ஒரு வாக்கியம் பேச முடியாத அளவுக்குப் போகக் கூடாது. நெஞ்சில் பாரமோ கைக்கு இறங்கும் வலியோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வாரத்தில் மற்ற நாள் காந்தவ்ஜி ஏரிக்கரையில் நடை, வீட்டில் அரிசி மூட்டையைத் தூக்கி வைப்பது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்துத் தடவை எழுவது.

மற்ற வழிகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வெப்பம்: பின்லாந்தில் 2,315 ஆண்களை இருபது வருஷம் பார்த்து 2015இல் எழுதினார்கள், வாரம் நாலு முதல் ஏழு நாள் வெந்நீராவி அறைக்குப் போனவர்களிடம் சாவு 40 சதவீதம் குறைவு. அங்கே வெளியே வந்தால் குளிர்ந்த காற்று. சித்திரையில் கரண்டு இல்லாத தகரக் கூரைக்குக் கீழே நமக்கு இலவசமாகக் கிடைக்கும் சூட்டுக்கு வெளியே வரும் கதவே இல்லை. வயதானவர்களுக்கு அது ஆபத்து, நிழலும் தண்ணீரும்தான் தர வேண்டும். ஐஸ் தண்ணீர்க் குளியலை விட்டுவிடலாம். ரெஸ்வெராட்ரால் போன்ற ஆயுள் மாத்திரைகளுக்கு மனிதர்களிடம் ஆயுள் கூடியதாகச் சான்று இல்லை. என் கடையில் வாங்கி விற்கச் சொல்லி வருகிறார்கள், நான் வைப்பதில்லை.

கீரையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. செடி தன்னைப் பூச்சியிடமிருந்து காக்க வைத்திருக்கும் கசப்பும் துவர்ப்பும் நமக்குச் சின்ன விஷம் போலப் போய் உடம்பின் காவலை எழுப்புகின்றன என்று ஒரு கருத்து இருக்கிறது. இன்னும் கருத்துதான். ஆனால் கீரை தின்று கெட்டவர் யார்? இந்த மண்ணில் அதற்குப் பஞ்சமே இல்லை. தெய்ஞ்சி சந்தையில், பெரியவர்கள் இன்னும் சூரத்தி பஜார் என்கிறார்கள், காலை ஆறு மணிக்குப் போனால் நீர் சொட்டச் சொட்ட வல்லாரைக் கட்டுகள். பர்மியர் அதைப் பச்சையாகவே வெங்காயம், எலுமிச்சை, வறுத்த கடலைமாவு போட்டுப் பிசைந்து சாப்பிடுகிறார்கள். சின்பவுங் என்று அவர்கள் சொல்வது நம் புளிச்சகீரை. பாகற்காய் உண்டு, முருங்கைக்கீரை உண்டு. இதெல்லாம் அரிசியின் இடத்தை எடுத்துக்கொள்கிறது, அதுவே பாதி வேலை.

சரி, கடைசியில் யாருக்கு எதைத் தேர்ந்தெடுத்தோம்?

அத்தைக்கு எதையும் குறைக்கவில்லை, கூட்டினோம். தினம் ஒரு முட்டை, ராத்திரியில் பருப்பு, நாற்காலியிலிருந்து எழும் பயிற்சி. மெலிந்த முதியவரை மேலும் மெலிய வைத்தால் விழுந்து இடுப்பெலும்பு முறியும். அவர் ஏகாதசி இருப்பேன் என்றால் பாலும் பழமும் உண்டு, அதற்கு மேல் நானும் வாதாடவில்லை.

அண்ணன் மகனுக்கு 32 வயது, தொப்பை விழுந்திருக்கிறது, நோய் எதுவும் இல்லை. அவனுக்குத்தான் தினமும் குறைத்துச் சாப்பிடும் வழி அச்சாகப் பொருந்துகிறது. சஷ்டி விரதமும் தாராளமாக இருக்கலாம், பாரணையில் கை கட்டுப்பட்டால்.

அண்ணனுக்கு முழுநாள் விரதம் இப்போதைக்கு இல்லை. பிக்குகளின் வழியைக் கொஞ்சம் தளர்த்தி எடுத்துக்கொண்டோம். காலை ஏழுக்கு நல்ல சாப்பாடு, மத்தியானம் பெரிய சாப்பாடு, மாலை ஐந்தரைக்குள் கீரையும் பருப்பும் கொஞ்சம். அதற்குப் பிறகு தண்ணீரும் சர்க்கரை இல்லாத பச்சைத் தேநீரும். டாக்டர் கிளிக்லசைடைப் பாதியாக்கி, காலைச் சாப்பாட்டோடு மட்டும் என்று மாற்றிக் கொடுத்தார். அவரிடம் கேட்ட பிறகுதான் மாலைச் சாப்பாட்டு நேரத்தையே மாற்றினோம். இத்துடன் படி. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் படியை வைத்துக்கொண்டு கடிகாரத்தை விட்டுவிடச் சொல்வேன்.

எனக்கும் அண்ணனின் ஏற்பாடுதான், மாத்திரை மட்டும் இல்லை. மாலைப் பசி முதல் பத்து நாள் என்னை எரிச்சல்காரியாக்கியது, கடைப் பையன் சாட்சி.

இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க வேண்டும் என்கிறார் அண்ணன், மதினிக்கு உடம்பு சரியில்லாதபோது நேர்ந்துகொண்டதாம். அடுத்த வாரம் டாக்டரிடம் போகும்போது கேட்க ஒரு சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அன்று காலை மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுவது, போடலாமா. குடம் இறக்கும் வரை வெறும் வயிற்றோடு இருக்க வேண்டுமா, விடியுமுன் கஞ்சி குடித்துவிட்டுப் போகலாமா. சர்க்கரை பார்க்கும் கருவியை யார் கொண்டுபோவது. மதினி அதை வாங்கிப் படித்துவிட்டு, பென்சிலால் கீழே இன்னொன்று எழுதினார்: வெறுங்காலோடு நடக்கலாமா? போன மாதம் படி ஏறி வந்த அன்று அண்ணனின் இடது குதிகாலில் பட்ட கீறல் ஆறப் பதினெட்டு நாள் ஆனது.